கர்ணனும் கட்டியக்காரனும் வகுப்பறைக்குள் வரட்டும்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலின் பொருளியல் பகுதியில் தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகள் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது, சென்னைக்கு ஆசியாவின் டெட்ராய்ட் என்று பெயர் என்பதெல்லாம் அதில்தான் வரும். ஓசூரும் வரும். வேறு மாவட்டத்துப் பிள்ளைக்கு அது இன்னோர் ஊர்ப்பெயர். ஓசூரிலோ சூளகிரியிலோ அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அப்படியல்ல. 1980களில் வந்த அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் அதற்குத் தாத்தா காலத்துக் கதை. பின்னால் வந்த மின்னணு ஆலைகளும் மின்வாகன ஆலைகளும் அக்கா காலத்துக் கதை. விடியுமுன் தெருமுனையில் நிற்கும் கம்பெனி பஸ், நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் அப்பா, எதிர் லைன் வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒடியா குடும்பம் என்று பாடம் முழுவதும் வாசலிலேயே கிடக்கிறது. ஆனாலும் தேர்வுக்கு அந்தப் பிள்ளை உருப்போடுவது 1971 என்ற எண்ணைத்தான். எதிர்வீட்டுக்காரர் எதை விட்டுவிட்டு இங்கே வந்தார், அவர் வந்ததில் நம் வீட்டு அண்ணனுக்கு ஏன் கோபம் என்ற கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது.

இந்தப் பள்ளத்தைக் கலைகளைக் கொண்டு நிரப்பலாம் என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே நடக்கிறது. கலையோடு இணைந்த கற்றலை 2019 முதல் சிபிஎஸ்இ வலியுறுத்துகிறது. நம் அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் சின்ன வகுப்புகளுக்குப் பாட்டையும் கதையையும் பொம்மையையும் கொண்டுவந்தது. அதே கல்வியாண்டில் கலைத் திருவிழாவும் தொடங்கியது. ஆனால் உயர்நிலை வகுப்பின் சமூக அறிவியல் ஆசிரியரிடம் இதைச் சொன்னால் இரண்டு விதமான மறுப்பு வரும். ஒன்று, "நாடகம் போட்டுக்கிட்டிருந்தா போர்ஷனை யார் சார் முடிக்கிறது?" என்பது. இன்னொன்று கொஞ்சம் ஆழமானது: "பசங்களை அழவைக்கிறதுதான் சமூக அறிவியலா?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் தெளிவு வந்தால் முதலாவது பாதி தீர்ந்துவிடும்.

ஒருவர் மீது இரக்கப்படுவதும், அவர் நிற்கும் இடத்திலிருந்து உலகத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல. இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கும். பாவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். சமூக அறிவியலுக்கு வேண்டியது இரண்டாவது. ஒரு மனிதர் நமக்குப் புரியாத, சில சமயம் நமக்குப் பிடிக்காத ஒரு காரியத்தைச் செய்கிறார். அவருக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, கையில் இருந்த பணம் எவ்வளவு, அவர்முன் எத்தனை வழிகள் திறந்திருந்தன என்றெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, அவருக்கு அது ஏன் சரியாகப் பட்டது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்கிக்கொண்டபின் அதை ஏற்கலாம், எதிர்க்கலாம். விளங்கிக்கொண்டதாலேயே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாது. இந்தக் கடைசி வரியைத்தான் வகுப்பறையில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் இதே குழப்பம் ஒரு தேர்வுத்தாள் வழியாக வந்தது. ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பொதுத் தேர்வுகள் அங்கே முதன்முதலாக 1988இல் நடந்தன. கடந்தகால மனிதர்களின் கண்ணோட்டத்திலிருந்து நிகழ்வுகளைப் பார்ப்பதும் வரலாற்றுப் பாடத்தின் நோக்கங்களில் ஒன்று என்று அதற்கான வரையறை சொன்னது. நல்ல எண்ணம்தான். நடைமுறையில் அது, நீ ஓர் இடைக்கால உழவன், உன் ஒரு நாளை விவரி என்ற மாதிரிக் கட்டுரைக் கேள்வியாகச் சுருங்கிப்போனது. பிள்ளைகள் மனம்போனபடி கற்பனை செய்தார்கள். அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று ஆசிரியர்கள் திண்டாடினார்கள். உணர்ச்சிக்கா மதிப்பெண் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. பீட்டர் லீ, ரோசலின் ஆஷ்பி போன்ற ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இன்றைக்கும் பொருந்தும். அந்த உழவனின் உணர்ச்சியைப் பிள்ளை தன் நெஞ்சில் ஏற்றிக்கொள்ள முடியாது, ஏற்றவும் வேண்டாம். அவனுடைய நம்பிக்கைகளையும் நிலைமையையும் சான்றுகளிலிருந்து கட்டி எழுப்பி, அவன் செய்கைக்கு அவனளவில் இருந்த நியாயத்தைக் கண்டால் போதும். சான்று இல்லாத இடத்தில் வெறும் கற்பனைதான் எஞ்சும்.

வெறும் பரிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் பிரிட்டன் வரை போக வேண்டியதில்லை. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லிப் பொய்க் காணொளிகள் பரவின. அவற்றில் சில, புலம்பெயர் தொழிலாளர்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு சம்பவங்களின் காட்சிகள். பீகார் அரசு ஒரு குழுவையே இங்கு அனுப்பியது. தமிழகக் காவல்துறை மறுப்பு வெளியிட்டு வழக்குகள் பதிந்தது. அந்தக் காணொளிகளைப் பார்த்துப் பதறிய அம்மாக்களிடமும் அண்ணன்களிடமும் பரிவுக்கு எந்தக் குறைவும் இல்லை. சரிபார்க்கத்தான் அவர்களுக்கு வழியில்லாமல் போனது. யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த பால் ப்ளூம் 2016இல் பரிவுக்கு எதிராகவே ஒரு புத்தகம் எழுதினார். பரிவு நம்மைப் போன்றவர்கள் மீதும் கண்ணுக்குத் தெரியும் ஒற்றை முகத்தின் மீதும்தான் எளிதில் பாய்கிறது, கூட்டமாக இருக்கும் தொலைவானவர்களை மறந்துவிடுகிறது என்பது அவர் வாதம். அவர் சொல்வதை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. வகுப்பறைக்குள் கலையைக் கொண்டுபோகும் ஆசிரியர் அதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

சரி, பரிவும் வேண்டும், சரிபார்ப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே மேடையில் வைக்கிற கலை எது? வெளியே தேட வேண்டாம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கம் கோடை வந்தால் தர்மராஜா கோயில்களில் மகாபாரத விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். மைதானத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பாஞ்சாலி கூந்தல் முடிவதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களே திரண்டு வரும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தக் கூட்டத்தில் கலந்தே கேட்கும்.

இந்த இரவுகளில் ஜனங்கள் அதிகம் உருகுவது கர்ண மோட்சத்துக்கு. யோசித்துப் பார்த்தால் விசித்திரமான விஷயம் இது. கோயில் பாஞ்சாலிக்கும் தர்மராஜாவுக்கும் உரியது. கர்ணனோ எதிரணி, சபையில் பாஞ்சாலியை அவமானப்படுத்தியவர்களோடு உட்கார்ந்திருந்தவன். அவன் போருக்குக் கிளம்பும் காட்சியில் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். தேரோட்டி மகன் என்று மனைவி பொன்னுருவியே அவனை இழிவாகப் பேசுகிறாள். பிறப்பைச் சொல்லி ஒருவனைத் தள்ளிவைத்தால் அவன் யாரிடம் போய்ச் சேருவான், தன்னை மதித்த ஒருவனுக்காக எது வரை போவான் என்பதைச் சமூக அறிவியல் புத்தகத்தின் எந்தப் பத்தியும் இத்தனை துலக்கமாகச் சொன்னதில்லை. ஆனால் கூத்து அங்கேயே நின்றுவிடுவதில்லை. பக்கத்திலேயே கட்டியக்காரன் நிற்கிறான். ராஜா வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து, அதெல்லாம் சரி ராஜா, அன்றைக்குச் சபையில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்கிற தோரணையில் ஒரு கேள்வியை வீசுவான். ஊர்த்தலைவரைக் கிண்டல் செய்வான், விலைவாசியை இழுப்பான். அழுதுகொண்டிருந்த சனம் சிரிக்கும், சிரித்த வாயோடு யோசிக்கும். வேடதாரியோடு ஒன்றிப்போகவும் விடுகிறது, ஒன்றிப்போனவரைப் பிடித்து உலுக்கவும் செய்கிறது இந்தக் கலை.

சமூக அறிவியல் வகுப்புக்குக் கூத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கிரீடத்தையும் அரிதாரத்தையும் அல்ல, இந்த ஏற்பாட்டை. ஒருவர் வேடம் கட்டுகிறார், இன்னொருவர் கேள்வி கேட்கிறார். இரண்டாமவர் இல்லாத நாடகம் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போதும், பாடத்துக்குப் போதாது.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் ஏறக்குறைய இதே ஏற்பாட்டை வேறு பக்கமிருந்து வந்து அடைந்தார். அவருடைய அரங்கில் ஒடுக்கப்படும் ஒருவரின் கதை நடந்துகொண்டிருக்கும். பார்வையாளர் கையைத் தூக்கி நிறுத்தலாம். நான் அந்த இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன் என்று மேடையேறி நடித்துக் காட்டலாம். அது பலிக்குமா என்று மற்ற நடிகர்கள் எதிர்த்து நடித்துச் சோதிப்பார்கள். நம் ஊரில் கல்வியும் கூத்தும் ஒரே கூரையின்கீழ் இருந்த முயற்சிக்கும் முன்னுதாரணம் உண்டு. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலம்தான் அது. அங்கே பிள்ளைகள் பள்ளிப் பாடத்தையும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூருவில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், கலி-கலிசு என்ற திட்டத்தில் கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு இதே திசையில் வேலை செய்திருக்கிறது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்த மண்ணிலேயே நடந்த ஒரு முயற்சி இவை எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமானது. அது பள்ளியில் நடக்கவில்லை. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. அதற்குமுன் ஓசூரும் கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்தன. பெண் சிசுக்கொலைக்காக அந்த மாவட்டத்தின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் 1990கள். ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேடுகளில் பச்சிளம் குழந்தைகளின் மரணத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில், சமூகக் காரணங்கள் என்று ஒரு வகை இருந்தது. காய்ச்சல், எடைக்குறைவு, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு நடுவே சமூகக் காரணங்கள். இத்தனை அடக்கமாக எழுதப்பட்ட கொடூரத்தை அரசு ஆவணங்களில் வேறெங்கும் காண்பது கடினம்.

1997 முதல் 1999 வரை, டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின்கீழ் தருமபுரி மாவட்டத்தில் இதற்கெதிராகக் கலைப்பயணம் ஒன்று நடந்தது. எழுத்தறிவுப் பணிக்காக நடந்த அறிவொளி இயக்கம் காட்டிய வழியில் குழுக்கள் பாட்டும் வீதி நாடகமுமாக ஊர் ஊராகப் போயின. பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அரசு அதிகாரியாக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். போலீசைக் காட்டி மிரட்டுவதைவிட மக்களோடு பேசுவதே முயற்சியின் சாரம். கொலைகாரி என்று தாயை மேடையில் நிறுத்தினால் பார்க்கவந்த பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். வரதட்சணை, நிலத்தில் மகனுக்கு மட்டும் பங்கு, மாமியார் வீட்டு வசவு, பெண்ணுக்குக் கிடைக்காத கூலி என்று அந்தத் தாயைச் சுற்றி நிற்பவற்றையும் மேடையேற்றினால் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆண்களும் நெளிந்துகொண்டே பார்ப்பார்கள். தாயைப் புரிந்துகொண்டதால் கொலை நியாயமாகிவிடவில்லை. குற்றத்தின் பொறுப்பு அவள் ஒருத்தியோடு முடிந்துவிடுவதில்லை என்பது மட்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் பதிவேட்டில் சமூகக் காரணங்கள் என்று எழுதப்பட்ட மரணங்களின் எண்ணிக்கை குறைந்ததாக ஆத்ரேயாவும் சுங்கத்தும் காட்டினார்கள். நாடகம் மட்டுமே இதைச் செய்தது என்று சொல்லிவிட முடியாது. அதே காலத்தில் செவிலியர்களின் கண்காணிப்பு இருந்தது, தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இலேயே வந்திருந்தது. ஸ்கேன் வசதி பரவப் பரவ, பிறந்தபின் நடந்தது பிறக்குமுன்னே நடக்கத் தொடங்கியதும் உண்டு. ஆசிரியர்கள் இந்த அடக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். கலை ஒரு கதவைத் திறந்துவிடும். உள்ளே போய்ப் பார்ப்பதற்குப் பதிவேடும் புள்ளிவிவரமும் சட்டமும் வேண்டும்.

இனி ஒரு பாடவேளைக்குள் இதை எப்படிச் செய்வது? தொழில்துறைத் தொகுப்புப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஓசூர் அருகே ஐபோன் பாகங்கள் செய்யும் ஆலைக்கு ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து பழங்குடிப் பெண்கள் வேலைக்கு வருவதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் ஒருவரே சொன்னார். நிலத்தைக் கொடுத்தது நாங்கள், வேலை வெளிமாநிலத்தாருக்கா என்று இங்கே குரல் எழுந்தது. இரண்டு பக்கமும் நிஜ மனிதர்கள். வகுப்பில் இரண்டு நாற்காலி போடலாம். ஒன்றில் ராஞ்சிப் பெண். இன்னொன்றில் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் சூளகிரிப் பையன். நடிக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வசனம் எழுதித் தரக்கூடாது. ஆளுக்கொரு காகிதம் தர வேண்டும்.

ராஞ்சிப் பெண்ணின் கையில் ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டு. அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், 1,800 ரூபாய். இஎஸ்ஐ 0.75 சதவீதம், 113 ரூபாய். ஹாஸ்டலுக்கும் கேன்டீனுக்கும் பிடித்தம் உண்டா, ஊருக்குப் போய்வர எத்தனை நாள் லீவு, ரயிலுக்கு எவ்வளவு? இந்த இடங்களைக் காலியாக விட்டுப் பிள்ளைகளையே விசாரித்து நிரப்பச் சொல்லலாம். பாதிப் பிள்ளைகள் வீட்டில் இப்படியொரு சீட்டு இருக்கும். யார் வீட்டுச் சீட்டையும் கொண்டுவரச் சொல்லாமல், இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று சொல்ல வேண்டும். சூளகிரிப் பையனின் கையில் ஒரு வேலை விளம்பரம்: வயது வரம்பு, ஒப்பந்தக் காலம், நிரந்தரமாகும் வாய்ப்பு பற்றி ஒரு வரி உண்டா இல்லையா என்ற கேள்வி. சீட்டை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் வசனம் தானாக வரும். வராவிட்டாலும் குறையில்லை. கட்டியக்காரனாக நிற்கும் பிள்ளைதான் அன்றைய கதாநாயகன். "ஏம்மா, உங்க ஊர்ல கம்பெனியே இல்லையா? இருந்தும் வந்தியா?" என்று அவளிடம் கேட்பான். "ஏன்பா, நைட் ஷிப்ட் முடியாதுன்னு நீதானே போன மாசம் நின்னே?" என்று இவனிடமும் கேட்பான். மூன்றாவது கேள்வி இரண்டு நாற்காலிக்கும் இல்லாமல் நடுவில் விழும்: "ரெண்டு பேருக்கும் ஒப்பந்த வேலைதான்னு சொல்றவர் எங்கே? அவருக்கு ஒரு நாற்காலி போடலியா?"

அந்த மூன்றாவது நாற்காலி போடப்படும் நிமிடத்தில் சமூக அறிவியல் ஆரம்பமாகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இலும், மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கான சட்டம் 1979இலும் ஏன் தேவைப்பட்டன என்று அதற்குமேல் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆலை நடத்துபவருக்கும் ஒரு பக்கம் உண்டு: ஆர்டர் வரும் மாதத்தில் ஆயிரம் பேர் வேண்டும், வராத மாதத்தில் என்ன செய்வது? அதையும் ஒரு பிள்ளை உட்கார்ந்து பேசட்டும். அவரையும் கட்டியக்காரன் சும்மா விடமாட்டான்.

காவிரிப் பாடத்துக்கும் எல்லைப்புறத்தைவிடப் பொருத்தமான வகுப்பறை வேறில்லை. 1991 டிசம்பரில் பெங்களூருவில் தமிழர்கள் மீது வன்முறை நடந்தபோது குடும்பங்கள் ஓடிவந்து சேர்ந்தது இந்தப் பக்கம்தான். 2016 செப்டம்பரில் பேருந்துகள் கொளுத்தப்பட்டபின், இரு மாநில வண்டிகளும் எல்லையில் நின்றுவிட, ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே மூட்டையும் கைக்குழந்தையுமாக ஜனங்கள் நடந்தார்கள். அந்த நடையை மட்டும் வரையச் சொன்னால் பிள்ளைகள் அருமையாக வரைவார்கள். ஆனால் எதிரிப் படமும் சேர்ந்தே வரும். ஆகவே கூடவே எண்களைத் தர வேண்டும். 2007 தீர்ப்பில் நடுவர் மன்றம் கர்நாடகம் திறந்துவிட வேண்டியது 192 டிஎம்சி என்றது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைத்த 14.75இல் 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீர் தேவையைக் கருதியது. அந்த பெங்களூருவுக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் ஓசூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் பகலில் குடிப்பது காவிரி, இரவு வீட்டுக்கு வந்து குடிப்பது 2013இல் வந்த ஒகேனக்கல் திட்டத்தின் காவிரி. இதைக் கண்டுபிடித்த பிள்ளை, மண்டியா விவசாயியாக ஒரு கடிதமும் திருவாரூர் விவசாயியாக ஒரு கடிதமும் எழுதும்போது இரண்டிலும் வசைச்சொல் குறையும், வாதம் கூடும். தமிழ்நாட்டின் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் தெரியாதவர் தன் வழக்கையும் சரியாக நடத்த முடியாது.

 

இங்குள்ள வகுப்பறைகளின் ஒரு தன்மையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஏராளம். அந்த மொழிவழிப் பள்ளிகளும் உண்டு. இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன. வாதம் பேசும் நாடகம் என்றால் தமிழ் சரளமாக வரும் நான்கு பேர்தான் மேடையில் இருப்பார்கள். சிலை விளையாட்டு இதற்கு நல்ல மாற்று. ஐந்து பேர் சேர்ந்து ஒரு காட்சியில் அப்படியே உறைந்து நிற்க வேண்டும், பேசக்கூடாது. வீட்டு உரிமையாளர் வாடகைக்கு வீடில்லை என்று சொல்லும் கணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்கள் ஒவ்வொரு சிலையின் தோளிலும் கைவைத்து, இவர் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்வார்கள். எந்த மொழியில் சொன்னாலும் சரி. ஒடியாப் பிள்ளை ஒடியாவில் சொல்லட்டும். அன்றைக்கு மற்றவர்கள் புரியாமல் விழிக்கட்டும். ஆண்டு முழுவதும் விழித்துக்கொண்டிருப்பது அந்தப் பிள்ளைதானே.

நடுகற்களும் இந்த மாவட்டத்துக்குக் கிடைத்திருக்கும் சொத்து. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் வயல்வெளிகளிலும் அவை இருக்கின்றன. ஆநிரை கவர்ந்தவர்களோடு போரிட்டு விழுந்த வீரன், அவனை வானுலகுக்கு ஏந்திச் செல்லும் பெண்கள் என்று அடுக்கடுக்காகச் செதுக்கிய கல்லின்முன் பிள்ளைகளை நிறுத்தி, கல்லில் யாருக்கெல்லாம் இடமில்லை என்று கேட்கலாம். மாடு திருட வந்தவன் ஏன் வந்தான்? வறட்சியா, அரசன் ஏவலா? வீரனின் மனைவி பிறகு என்ன ஆனாள்? பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் கோவிவன் என்ற நாய்க்கும் இடம் கிடைத்திருக்கிறது, கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதற்காக. நாயின் பெயரைக்கூட எழுதிவைத்த ஊர், எத்தனை மனிதர்களின் பெயரை விட்டுவிட்டது என்ற பேச்சு அங்கிருந்து தானாகக் கிளம்பும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கண்டிப்பாக எச்சரிக்கை வேண்டும். அது சாதி. 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டதைக் கண்ட மண் இது. தீண்டாமைப் பாடம் வந்ததும், வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தள்ளி உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று ஆர்வமுள்ள ஆசிரியருக்குத் தோன்றும். அமெரிக்காவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968இல் நீலக் கண், பழுப்புக் கண் என்று பிள்ளைகளைப் பிரித்துச் செய்த சோதனை இதற்குத் தூண்டுதலாகச் சொல்லப்படும். அதைப் பற்றி அங்கேயே இன்றுவரை வாக்குவாதம் ஓயவில்லை. நம் வகுப்பில் அது வெறும் விளையாட்டாக நிற்காது. அவமானத்தை வீட்டிலும் தெருவிலும் ஏற்கெனவே பட்ட பிள்ளை, மற்றவர்களின் கல்விக்காக அதை இன்னொரு முறை படவேண்டுமா? எந்தப் பிள்ளைக்கும் அதன் சொந்தச் சாதி வேடத்தையும் தரக்கூடாது, எதிர்ச்சாதி வேடத்தையும் தரக்கூடாது. இங்கே ஒரு கட்டம் தள்ளி நிற்கும் கலைகளே நல்லது: பொம்மலாட்டம், படம் பார்த்துப் பேசுதல், கர்ணன் கதை. பொன்னுருவி ஏன் அப்படிப் பேசினாள் என்று விவாதிக்கும்போது, யார் பெயரையும் சொல்லாமலே எல்லாரும் எதைப் பேசுகிறோம் என்று வகுப்புக்குத் தெரியும். நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே சாதிப்பகையால் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அதைப் படிக்கும் எந்தத் தலைமையாசிரியரும் இந்தத் தள்ளிநிற்றலின் அவசியத்தை உணர்வார்.

போர்ஷன் பற்றிய கேள்விக்கு வருவோம். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, தேவையும் இல்லை. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நடித்துக் காட்டிப் பயனில்லை. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், அதுவும் மனிதர்கள் மோதும் பாடம் என்றால் போதும். மதிப்பெண்ணை நடிப்புக்குப் போடக்கூடாது. பிரிட்டன் வழுக்கி விழுந்த இடம் அது. ராஞ்சிப் பெண்ணிடமும் முதலாளியிடமும் கட்டியக்காரன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை எழுதுக, ஒவ்வொன்றுக்கும் விடை எந்த ஆவணத்தில் கிடைக்கும் என்று குறிப்பிடுக என்று ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்கலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையும் அதில் முழு மதிப்பெண் வாங்கலாம், திருத்துபவரும் திண்டாட வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பது யார் என்பதுதான் மீதியிருக்கும் சிக்கல். இதற்கு ஆள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். கூத்துக் கலைஞர்களுக்குக் கோடையும் ஆடியும்தான் பருவம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பலர் கூலி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுகிறார்கள், சிலர் கம்பெனி செக்யூரிட்டியாகவும் நிற்கிறார்கள். பள்ளிக்கு அரையாண்டுத் தேர்வை ஒட்டிய மாதங்கள் அவை. கலைத் திருவிழாவுக்கு நடுவராக ஒருநாள் கூப்பிட்டுத் துண்டு போர்த்தி அனுப்புவதற்குப் பதிலாக, அந்த மூன்று மாதமும் வட்டார வள மையங்களில் ஆசிரியர்களோடு உட்கார்ந்து வேலை செய்ய அவர்களை அமர்த்தலாம். கட்டியக்காரன் வேடம் கட்டும் கலைஞருக்கே முதல் இடம் தர வேண்டும். சம்பளத்தைப் பட்டியல் போட்டு மாதாமாதம் கொடுக்க வேண்டும், பயணப்படியையும் சேர்த்து.